ஏற்பி மருந்துக் குழுவின் அரை மணி நேரம்

அரிய மருந்துகளின் முறையான பயன்பாட்டுக்கான தேசிய ஆய்வுக் குழுவைப் பற்றி எவரும் குறை கூறலாகாது. அதற்குரிய படிவம் இன்னும் அச்சாகவில்லை. அக்குழு சிட்னியில், துறைமுகம் தெரியும் பதினொன்றாம் மாடியில், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூடுகிறது. ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாமதமாகக் கூடியதில்லை. விலை மிகுந்த மருந்து தகுதியற்ற ஒருவருடைய வாய்க்குள் போய்விடாமல் காப்பது அதன் கடமை. அக்கடமையில் அது இம்மியும் தவறியதில்லை. தகுதியுள்ள ஒருவருக்காவது மருந்து போய்ச் சேர்ந்ததா என்பது கடமைப் பட்டியலில் இடம்பெறாததால், அதைப் பற்றிய பதிவு ஏதும் இல்லை.

எங்கள் ஊர் கார்னெட் ஹில். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈயமும் வெள்ளியும் தோண்டுவதற்காக உண்டான ஊர். எங்களுக்கு முதல் ரயில் பக்கத்து மாநிலத் தலைநகரான அடிலெய்டிலிருந்து வந்தது. ஆகவே கடிகாரமும் அங்கிருந்தே வந்தது. சட்டம் சிட்னியுடையது, நேரம் அடிலெய்டினுடையது. சிட்னியில் ஒன்பதரை அடிக்கும்போது எங்கள் நகர மன்றக் கோபுரத்தில் ஒன்பது அடிக்கும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான். இதனால் எவருடைய திருமணமும் நின்றதில்லை. எவரும் ரயிலைத் தவறவிட்டதில்லை. ஓர் உயிர் போகும் என்று எவரும் நினைத்ததும் இல்லை.

கிளாரி ட்ரெகென்சா சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் விசைப்பொறி ஓட்டுநராக முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மூன்று முறை மணி அடித்தால் ஆட்களை இறக்க வேண்டும், ஒரு முறை அடித்தால் நிறுத்த வேண்டும் என்னும் ஒழுங்கில் வாழ்ந்தவர். கேட்ட மணிக்குச் சரியாகச் செயல்பட்டால் கீழே இருப்பவர்கள் உயிரோடு மேலே வருவார்கள் என்பது அவருடைய மதம். அவர் மனைவி நோலீன், புல்வெளிப் பந்தாட்டக் கழகத்தின் சமையலறையை ஆண்டவர். சென்ற பிப்ரவரியில் நோலீனின் கணுக்கால்கள் வீங்கின; சிறுநீர் கடுந்தேநீரின் நிறத்துக்கு வந்தது. ஊர் மருத்துவமனையில் இவானா ஸ்டானிச் என்னும் மருத்துவர், சோதனைத் தாள்களை மேசையில் பரப்பி இருவரையும் உட்காரச் சொன்னார்.

"சுருக்கமாச் சொல்லுங்க டாக்டர். மத்தியானம் அறுபது பேருக்கு ஆட்டுக்கறி ரோஸ்ட் ஆகணும்," என்றார் நோலீன்.

"உங்க ரத்தத்துல நிரப்புப் புரதங்கள்னு ஒரு காவல் படை இருக்கு. கிருமி வந்தா அது மேல ஒட்டி அடையாளம் போடும். அதுலேர்ந்து ஒரு சின்னத் துண்டு உடைஞ்சு, சங்கு ஊதுற மாதிரி ரத்தத்துல ஓடும். வெள்ளணு மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. அதுதான் காது. சங்குச் சத்தம் கேட்டதும் வெள்ளணு ஓடிவந்து அடிச்சு நொறுக்கும்."

"நல்லதுதானே?" என்றார் கிளாரி.

"கிருமி இருந்தா நல்லது. இவங்களுக்குக் கிருமியே இல்ல. சங்கு மட்டும் நிக்காம ஊதுது. வெள்ளணு ஓடி வருது, அடிக்க ஆள் இல்ல. வந்தது வந்தாச்சுன்னு சிறுநீரகத்தப் போட்டு அடிக்குது."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க க்ளப்புக்கு வர்ற பயலுக மாதிரி," என்றார் நோலீன்.

மருத்துவர் சிரிக்கவில்லை. "சிறுநீரகம் இப்ப நூத்துக்கு இருபத்தெட்டு பங்குதான் வேலை செய்யுது. ஸ்டீராய்டு கொடுக்கிறேன். ஆனா அளவு கூட்ட முடியாது. போன வருஷம் நிமோனியாவுல விழுந்து எழுந்தவங்க நீங்க."

"சங்க நிறுத்த வழியில்லையா?" என்று கேட்டார் கிளாரி. சங்கைப் பற்றி அவருக்குத் தெரியும். சுரங்கத்தில் அது ஊதினால் ஊர்ப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"சங்கையே பிடுங்கிட்டா, நெசமாவே கிருமி வரும்போது திண்டாட்டம். அதுக்குப் பதிலாக் காதப் பொத்திடலாம். அந்த ஏற்பியில போய் அடைச்சுக்கிற மாத்திரை ஒண்ணு புதுசா வந்திருக்கு. இப்ப ஆரம்பிச்சா மிச்சமிருக்கிற சிறுநீரகத்தக் காப்பாத்தலாம். விலை உங்க வீட்ட வித்தாலும் ஆறு மாசத்துக்கு வராது. சிட்னியில இருக்கிற குழு அனுமதிச்சா அரசாங்கமே கொடுக்கும்."

"அப்ப அனுமதி வாங்கிடலாம்," என்றார் கிளாரி. விண்ணப்பப் படிவம் நாற்பத்தொரு பக்கங்கள் கொண்டது என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

விதிகள் தெளிவானவை. சிறுநீரகத்தின் திறன் முப்பதுக்குக் கீழ் இருத்தல் வேண்டும். இல்லாவிடில் நோய் போதாது. பதினைந்துக்குக் கீழ் இருத்தல் கூடாது. இருந்தால் மருந்து வீண். நோயாளி வசிக்கும் அஞ்சல் வட்டத்தின் மருத்துவமனையில்தான் இரத்தம் எடுக்க வேண்டும். அதில் சங்குத் துண்டின் அளவைக் காண்பதற்கு, பனிக்கட்டியில் புதைத்து, எடுத்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சிட்னி ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நேரம் கடந்தால் குழாய்க்குள்ளேயே அப்புரதம் தானாக உடைந்து பொய்க் கணக்குக் காட்டிவிடும். இந்தக் கடைசி விதி அறிவியலால் ஆனது. மற்றவை குழுவால் ஆனவை.

மார்ச்சு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு நோலீனின் கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். கிளாரி தம் ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது நாற்பது விமானத்தில் ஏறினார். சிட்னியில் இறங்கி, வாடகைக் காரில் விரைந்து, ஆய்வகத்தின் சாளரத்தில் பெட்டியை வைத்தபோது அங்கிருந்த கடிகாரத்தில் ஒன்று இருபது. அதாவது எங்கள் ஊரில் பன்னிரண்டு ஐம்பது. மூன்று மணி ஐம்பது நிமிடம். கிளாரி அதைத் தாளில் எழுதிச் சரிபார்த்து, பெருமையோடு நிமிர்ந்தார்.

சாளரத்தில் இருந்தவர் குழாயின் சீட்டைப் படித்தார். "எடுத்தது ஒன்பது. வந்தது ஒன்னு இருபது. நாலு மணி இருபது நிமிஷம். ஆகாது சார்."

"தம்பி, இது கார்னெட் ஹில் ஒன்பது. உங்களுக்கு ஒன்பதரை."

"ஒன்பது எப்படி சார் ஒன்பதரை ஆகும்?"

"எங்க ஊர்ல ஆகும்."

"நீங்க இந்த மாநிலம்தானே?"

"ஆமா."

"அப்ப இந்த நேரம்தானே?"

"இல்ல."

நெடுநேரம் வெயிலில் நின்றுவிட்ட முதியவரைப் பார்ப்பது போல அவர் கிளாரியைப் பார்த்தார். பிறகு கனிவாகச் சொன்னார்: "'நாலு மணிக்கு மேல்'ங்கிற கட்டத்துல டிக் போட்டுட்டேன் சார். டிக் போடத்தான் எனக்கு அதிகாரம். போட்ட டிக்க எடுக்கிறதுக்கு வேற ஆளு. அவங்க வியாழக்கிழமை வருவாங்க." சொல்லிவிட்டு, கிளாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழாயைக் கழிவுக்கான மஞ்சள் தொட்டியில் போட்டார்.

வீடு திரும்பியவரிடம் நோலீன், "பெட்டியில பீர் இல்லன்னு விமானத்துல நம்பினாங்களா?" என்று கேட்டார்.

"நம்பினாங்க. ஒன்பது மணியத்தான் நம்பல."

"முப்பத்திரண்டு வருஷம் மணி அடிச்சா ஆள இறக்கின மனுஷன். ஒரு மணிக்கணக்கச் சொல்லிப் புரியவைக்கத் தெரியலையா உனக்கு?" என்றார் நோலீன். திட்டுவதற்காகச் சொன்னதன்று. கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னது.

"நோலீன நான் சிட்னிக்கே கூட்டிட்டு வந்துடறேன், அங்கேயே ரத்தம் எடுங்க," என்று கிளாரி குழுவின் அலுவலர் மெரியல் கோட்ஸ் அம்மையாரிடம் தொலைபேசியில் கேட்டார். எடுக்கலாம், ஆனால் சிட்னி அஞ்சல் வட்டத்தில் ஆறு மாதம் வசித்த பிறகே எடுக்கலாம் என்று அம்மையார் விளக்கினார். அவர் ஒருபோதும் குரலை உயர்த்தியவர் அல்லர்.

ஏப்ரலில் இரண்டாவது முறை. இம்முறை மருத்துவர் ஸ்டானிச், படிவத்தில் சிட்னி நேரப்படி ஒன்பதரை என்று தம் கையால் எழுதினார். ஆனால் குழாயின் மீது சீட்டு ஒட்டுவது மருத்துவமனையின் இயந்திரம். அது எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த இயந்திரம். ஒன்பது என்றே அச்சிட்டது. மாலையில் கோட்ஸ் அம்மையார் அழைத்தார்.

"திரு. ட்ரெகென்சா, படிவத்துல ஒரு நேரம், குழாயில ஒரு நேரம். ரெண்டு நேரத்துல எடுத்தா அது ரெண்டு ரத்தம். ரெண்டு ரத்தம்னா ரெண்டு பேர். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு நோயாளியத்தான் குழு பரிசீலிக்கும்."

"அம்மா, எனக்கு ஒரே பொண்டாட்டிதான்."

"அதுக்கான சான்றிதழ இணைச்சிருக்கீங்க. அதுல குறையே இல்ல," என்றார் அம்மையார்.

அன்றைய கணக்கில் நோலீனின் சிறுநீரகம் இருபத்து நான்கு.

எங்கள் ஊரின் நேரம் எங்கள் ஊரின் நேரமே என்று மெய்ப்பிக்குமாறு மே மாதம் குழு கேட்டுக்கொண்டது. கிளாரி காவல் நிலைய ஆய்வாளரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினார். நகர மன்றக் கோபுரக் கடிகாரத்தைப் படம் எடுத்து அனுப்பினார். "கடிகாரத்தின் படம் கிடைக்கப்பெற்றோம், அது எந்த ஊர் நேரப்படி எடுக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும்" என்று ஃபேக்ஸ் வந்தது. தாளின் தலைப்பில் சிட்னி நேரம் பத்து மணி பத்து நிமிடம். மருத்துவமனையில் காத்திருந்த கிளாரி உடனே விடை எழுதி, பன்னிரண்டு நிமிடங்களில் அதே பொறியில் திருப்பி அனுப்பினார். எங்கள் பொறி தன் வழக்கப்படி தாளின் தலையில் ஒன்பது ஐம்பத்திரண்டு என்று பொறித்தது.

மறு வாரம் குழு எழுதியது: "எமது கேள்வி எழுப்பப்படுவதற்குப் பதினெட்டு நிமிடங்களுக்கு முன்னரே தங்கள் விடை கிடைத்துள்ளது. குழுவின் கேள்விகளைத் தாங்கள் முன்கூட்டி அறிந்த வழி யாது என்பதற்கு விளக்கம் தேவை. விளக்கம் வரும்வரை விண்ணப்பம் நேர்மைப் பிரிவின் கண்காணிப்பில் இருக்கும்."

அக்கடிதத்தை நோலீன் இரண்டு முறை படித்தார். ஸ்டீராய்டினால் முகம் நிலாவைப் போல் உருண்டிருந்தது. சிரித்தபோது கண்கள் மறைந்தன. "பரவாயில்லையே கிளாரி. அடுத்த குதிரைப் பந்தயத்துல எது ஜெயிக்கும்னும் பார்த்துச் சொல்லேன்," என்றார். பிறகு இருமினார். கைக்குட்டையை அவர் மடித்து வைத்த வேகத்தைக் கிளாரி கவனித்தார்.

ஜூன் மாதக் கூட்டத்தில் நேரில் முறையிட மூன்று நிமிடங்கள் ஒதுக்கப்பட்டன. கிளாரி தம் ஒரே கோட்டை அணிந்து பதினொன்றாம் மாடிக்குப் போனார். நீண்ட மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் அமர்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், பேராசிரியர் ஆல்டஸ் ரென்ஷா. காலைத் தேநீரும் தேங்காய்த் துருவல் தூவிய லாமிங்டன் கேக்கும் அப்போதுதான் வந்திருந்தன. தேநீருக்குரிய நேரம் குழுவின் நேரமா முறையீட்டாளரின் நேரமா என்னும் கேள்வி எழுந்து, முறையீட்டாளரின் நேரம் என்று முடிவாயிற்று. மீதி ஒன்றே கால் நிமிடம் இருந்தது. கிளாரிக்கு ஏதும் புரியாமல் போய்விடக் கூடாது என்று தலைவரே அதை எடுத்துக்கொண்டார்.

"திரு. ட்ரெகென்சா, உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது. ஆனா எங்க பொறுப்பு என்னன்னு நீங்களும் புரிஞ்சுக்கணும். கருவூலம்கிறது ஒரு உடம்பு. நாங்க அதோட வெள்ளணுக்கள். உள்ள வர்ற எந்த விண்ணப்பத்தையும் முதல்ல கிருமின்னுதான் பார்ப்போம். தாக்குவோம். தாக்குதலத் தாங்கி நிக்குதுன்னா, சரி, இது கிருமி இல்லன்னு முடிவு பண்ணுவோம். இதுவரைக்கும் எதுவும் தாங்கி நின்னதில்ல. எங்க எதிர்ப்புச் சக்தி எவ்வளவு வலுவானதுன்னு இதுலேர்ந்தே தெரியும்."

கிளாரி சற்று யோசித்தார். "விண்ணப்பம் போட்டவ இந்த நாட்டுக்காரிங்க ஐயா. நீங்க சொல்ற உடம்புல அவளும் ஒரு பாகம்தானே? சொந்த உடம்பையே தாக்கினா, அதத்தானே எங்க டாக்டர் நோய்ங்கிறாங்க?"

மேசையைச் சுற்றி ஒரு பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் மனம் மகிழ்ந்தார். "அருமையான கேள்வி. சொந்தம், அந்நியம்னு பிரிச்சுப் பார்க்கிற பாரபட்சத்துக்கு இந்தக் குழு ஒருநாளும் இடம் கொடுத்ததில்ல. எல்லாரையும் ஒரே மாதிரிதான் தாக்குறோம்."

இது கூட்டக் குறிப்பில் உள்ளபடியே தரப்படுகிறது.

ஆயினும் அன்று கிளாரிக்கு ஒரு வெற்றி கிட்டியது. கார்னெட் ஹில்லுக்கும் சிட்னிக்கும் இடையே அரை மணி நேர வேறுபாடு உண்டென்பதைக் குழு ஒருமனதாக ஏற்றது. உடனே, அங்கேயே, மார்ச்சு மாத இரத்தத்தின் கணக்கு திருத்தப்பட்டது. நான்கு மணி இருபது நிமிடத்தோடு அரை மணி நேரத்தைக் கூட்டி, நான்கு மணி ஐம்பது நிமிடம் என்று எழுதினார்கள்.

"ஐயா, கழிக்கணும்," என்றார் கிளாரி.

"வேறுபாடு உண்டாங்கிறதுதான் குழுவோட அதிகாரம்," என்றார் தலைவர். "கூட்டணுமா, கழிக்கணுமாங்கிறது தொழில்நுட்பம். அதுக்குத் துணைக் குழு இருக்கு. செப்டம்பர்ல கூடும்."

"செப்டம்பர் வரைக்கும் அவளோட சிறுநீரகம் தாங்காது ஐயா. இப்பவே பத்தொன்பது."

"பத்தொன்பது நல்ல எண்," என்றார் தலைவர். "இன்னும் நாலு இருக்கு."

விசையறையில் ஒரு முறை மணி அடித்தால் நிறுத்த வேண்டும். அந்த அறையில் எதை இழுத்தால் எது நிற்கும் என்று கிளாரிக்குத் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

துணைக் குழு செப்டம்பரில் கூடியது. கழிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அதற்காக இரண்டு கணித நிபுணர்களை அழைத்திருந்தார்கள். ஒருவர் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். மறு செவ்வாய்க்கிழமை மூன்றாம் முறையாக இரத்தம் போயிற்று. மூன்று மணி நாற்பத்தேழு நிமிடம். சாளரத்தில் இருந்தவர் எழுந்து நின்று கிளாரியின் கையைக் குலுக்கினார். ஆய்வின் முடிவு ஐயத்துக்கு இடமின்றி வந்தது: சங்கு முழு மூச்சாக ஊதிக்கொண்டிருந்தது, ஏற்பிகள் அனைத்தும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன, அந்த மாத்திரையே உரிய மருந்து. நோலீன் ட்ரெகென்சா எல்லா வகையிலும் தகுதியுடையவர் என்று குழு எழுதியது. அடுத்த பத்தியில், அன்று காலை எடுத்த கணக்கின்படி சிறுநீரகம் பதிமூன்று என்பதால் தகுதி காலாவதியாகிவிட்டது என்று எழுதியது. கடைசிப் பத்தியில், இனிவரும் நாள்களில் விரைந்து விண்ணப்பிக்குமாறு அறிவுரை இருந்தது.

மருத்துவர் ஸ்டானிச் அக்கடிதத்தைத் தாமே வீட்டுக்குக் கொண்டுவந்தார். நோலீன் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார்.

"அப்ப, நான் பாஸா ஃபெயிலா?"

"பாஸ்தான், நோலீன். பாஸ் ஆன அன்னைக்கே ஃபெயில்."

"டயாலிசிஸ்?"

"ஏற்பாடு பண்ணிட்டேன். ஆனா இப்ப நுரையீரல்லயும் அடிக்க ஆரம்பிச்சிருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

நோலீன் கம்பளியை முழங்கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கணவரிடம், "க்ளப்புல பெரிய ஓவனோட இடது பக்கம் சூடு கூட. புதுசா வர்ற பொண்ணுக்கு அதச் சொல்லணும். கறி கருகிடும்," என்றார்.

"நீயே சொல்லேன் நோல்."

"நீ சொல்லு. உனக்குத்தான் எதையும் மூணு தடவை சொல்லப் பழக்கம் ஆயிடுச்சே."

அக்டோபர் ஒன்பதாம் நாள், முற்பகலில், நுரையீரலில் இரத்தம் நிறைந்து நோலீன் இறந்தார். வயது ஐம்பத்தெட்டு.

நவம்பரில் கிளாரிக்குக் குழுவிடமிருந்து தடித்த தாளில் ஒரு கடிதம் வந்தது. ஆண்டறிக்கையில் அவருடைய விடாமுயற்சி ஒரு முன்மாதிரியாகக் குறிப்பிடப்பட்டிருப்பதாகவும், அனுபவமுள்ள குடிமகன் என்னும் இடத்துக்கு அவரையே உறுப்பினராக அமர்த்த விரும்புவதாகவும் அதில் எழுதியிருந்தது.

கிளாரி அதை மருத்துவரிடம் கொண்டுபோனார். "கிழிச்சுப் போடவா?"

மருத்துவர் கடிதத்தை வாங்கி மேசையில் வைத்தார். "என்கிட்ட இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க கிளாரி, இதே நோயோட. உள்ள நம்ம ஆள் ஒருத்தர் இருந்தா…" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

டிசம்பர் கூட்டத்துக்குக் கிளாரி போனார். மேசையில் பதிமூன்றாவது நாற்காலி போட்டு, அவர் பெயரைப் பித்தளையில் பொறித்து வைத்திருந்தார்கள். கூட்டம் மௌன அஞ்சலியோடு தொடங்கிற்று. விண்ணப்பித்து, மருந்து கிடைக்காமலே இறந்தவர்களுக்கு, தலைக்கு ஒரு நிமிடம் என்பது குழுவின் மரபு. அந்தக் காலாண்டில் பதினொரு பேர். பதினொரு நிமிடம் நின்றார்கள். ஏழாவதாக நோலீன் பெயர் வாசிக்கப்பட்டது. அஞ்சலி நீண்டுவிட்டதால் அன்றைய பட்டியலிலிருந்து மூன்று விண்ணப்பங்களை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள்.

பிறகு தலைவர் கிளாரியை வரவேற்றுப் பேசினார். "ஏற்பி மருந்தப் பத்தி இவருக்குத் தெரிஞ்ச அளவு இந்த மேசையில யாருக்கும் தெரியாது," என்றார். "அதனாலயே, ஏற்பி மருந்து விண்ணப்பம் வரும்போது இவர் வெளிய போயிடணும். சொந்த அனுபவம் இருக்கிறவர் நடுநிலையா இருக்க முடியாது. அது விதி."

அன்றைய விண்ணப்பங்கள் அனைத்தும் ஏற்பி மருந்துக்கானவை.

கிளாரி நடைவழியில் ஒரு நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு அப்பால் பேச்சொலி கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. ஒருமுறை சிரிப்புக் கேட்டது. பிறகு கதவு திறந்து கோட்ஸ் அம்மையார் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

"ஒரே ஒரு கையெழுத்து, கிளாரி. எல்லா உறுப்பினரும் போடணும்."

"நான் உள்ளயே இல்லையே அம்மா."

"கலந்து பேசும்போதுதான் நீங்க இருக்கக் கூடாது. முடிவு எல்லாரோடதும்தான்."

கிளாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ரோவீனா காஸ்டிகன், வயது முப்பத்தாறு, தெற்குக் கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். இரத்தம் மூன்று மணி ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்திருந்தது. ஆனால் அதைச் சுற்றியிருந்த பனிக்கட்டி, மீனவர் கூட்டுறவுக் கடையிலிருந்து எடுத்தது. பனிக்கட்டிக்கு மூலச் சான்றிதழ் இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி. சிறுநீரகம் இருபத்திரண்டு.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் கிளாரி. எழுபதாண்டு வாழ்க்கையில் அவர் மேலதிகாரி ஒருவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுவே முதன்முறை.

கோட்ஸ் அம்மையார் கோபப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "போடலாம், போடாமலும் இருக்கலாம். உங்க உரிமை. போடலன்னா முடிவு முழுமை ஆகாது. விண்ணப்பம் திறந்தே கிடக்கும், அடுத்த கூட்டம் மார்ச்சு மாசம். திறந்து கிடக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணு புதுசா இன்னொண்ணு போட முடியாது. நீங்க போட்டீங்கன்னா இது இன்னைக்கே முடிஞ்சிடும். நாளைக்குக் காலையில வேற ஐஸ் வச்சு மறுபடியும் ரத்தம் அனுப்பலாம். அவசரப் பட்டியல்ல நானே சேர்த்துவிடறேன்."

"நெசமாவா?"

"விதி அப்படித்தான் இருக்கு."

கிளாரி தாளில் இருந்த இருபத்திரண்டு என்னும் எண்ணைப் பார்த்தார். டிசம்பரிலிருந்து மார்ச்சு மூன்று மாதம். ஜூனிலிருந்து செப்டம்பரும் மூன்று மாதம்தான். மூன்று மாதத்தில் ஒரு சிறுநீரகத்தில் எத்தனை எண்கள் குறையும் என்பது, அந்தப் பதினொன்றாம் மாடியில், அவர் ஒருவருக்கே தெரியும்.

பேனாவை வாங்கி, தம் பெயரைப் பள்ளியில் கற்றபடி முழுமையாக எழுதினார். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று.

"ரொம்ப நன்றி, கிளாரி," என்றார் கோட்ஸ் அம்மையார். மனமாரவே சொன்னார். "பட்டறிவு உள்ள ஒருத்தர் கூட இருந்தா வேலை எவ்வளவு சுலபமா முடியுது பாருங்க."

மை உலர்வதற்காக அவர் தாளை மெல்ல ஊதினார். அதன் அடியில் 'விண்ணப்பம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்யப்பட்டது' என்னும் வரி இருந்தது. தேதிக்கும் பெயருக்கும் மட்டும் இடம் விட்டு, அது முன்னரே அச்சடிக்கப்பட்டிருந்தது.